கரடிக் காட்டுக்கு ரிவால்வர் வாங்கப் போகிறவர்களுக்கு



டல்லாஸ், நியூ ஜெர்சி, அட்லாண்டா, பே ஏரியா என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள். இந்த இலையுதிர் காலத்தில் மொன்டானாவுக்கும் வயோமிங்குக்கும் அலாஸ்காவுக்கும் எல்க், மூஸ் வேட்டைக்குக் கிளம்புகிற தமிழ் நண்பர்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ரைபிள் இருக்கிறது, பூட்ஸ் காலுக்குப் பழகிவிட்டது, விடுப்பும் சொல்லியாயிற்று. மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: கரடி வந்தால் கையில் எந்த ரிவால்வர் இருக்க வேண்டும்? .44 மேக்னம் போதுமா, .454 கசுல் வேண்டுமா, வாங்குவதுதான் வாங்குகிறோம், .500 ஸ்மித் அண்ட் வெஸனையே வாங்கிவிடலாமா?

கேட்கிற எல்லாரும் கரடியின் எடையிலிருந்து தொடங்குகிறீர்கள். கோடியாக் தீவின் பெரிய ஆண் கரடி 600 கிலோவைத் தொடும், ஆகவே கடையில் இருப்பதிலேயே பெரிய துப்பாக்கி என்று கணக்குப் போடுகிறீர்கள். இந்தக் கணக்கு எனக்குப் பயம் தருகிறது. நீங்கள் தொடங்க வேண்டிய இடம் உங்கள் மணிக்கட்டு. பதற்றத்தில், குளிரில் விறைத்த கையோடு, உறையிலிருந்து உருவி, இரண்டு குண்டுகளைக் குறியில் போட உங்களால் முடிகிற பெரிய ரிவால்வர் எதுவோ அதுதான் உங்களுக்கானது. அதற்கு மேல் ஒரு படி போனாலும் பாதுகாப்பு குறையுமே தவிர கூடாது. இந்த மடலில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் ஏன் என்று விளக்கமாகச் சொல்லாவிட்டால் நீங்கள் .500-ஐத்தான் வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

முதலில், ரைபிள் இருக்கும்போது கைத்துப்பாக்கி எதற்கு? நடக்கும்போது அது பெரும்பாலும் தேவைப்படாது. எல்க் விழுந்த பிறகுதான் தேவைப்படும். ஒரு கொம்பு எல்க் 300 கிலோவுக்கு மேல் நிற்கும். அதைக் குடலெடுத்து, தோல் உரித்து, நான்கு சப்பையாகப் பிரிக்க இரண்டு பேருக்கே மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். முழங்கால் ஈரமண்ணில். முழங்கை வரை ரத்தம். தலை குனிந்து, கண் கத்திமுனையில். ரைபிள் மூன்று மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் சாய்ந்திருக்கிறது. மலைச்சரிவில் காற்று ரத்த வாடையை ஏந்திக்கொண்டு நீங்கள் பார்க்காத பக்கமெல்லாம் போகிறது. பிறகு 30 கிலோ பின்சப்பையை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கும்போதும் ரைபிள் பையோடு சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். கோடியாக்கில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பல காலமாகச் சொல்வது ஒன்று உண்டு: வெடிச்சத்தம் கேட்டால் இறைச்சி கிடைக்கும் என்று அங்கே சில கரடிகள் பழகியிருக்கின்றன, சத்தம் வந்த திசைக்கே வருகின்றன.

வில் வேட்டைக்காரர்களின் நிலை இன்னும் மோசம். செப்டம்பரில், விடியும் முன்பே, உடல் வாடையை மறைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்து, பெட்டை எல்க்கின் குரலை ஊதுகிறார்கள். கரடிக் காட்டில் செய்யக்கூடாது என்று வனத்துறை சொல்கிற அத்தனையையும் ஒருசேரச் செய்கிற வேட்டை அது. கையில் ரைபிளும் கிடையாது.

2018 செப்டம்பரில் வயோமிங்கின் டீட்டன் வனப்பகுதியில் நடந்ததை நீங்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். முந்தின நாள் அம்பு பட்ட எல்க்கைத் தேடிக் கண்டுபிடித்து, வழிகாட்டியும் அவருடைய வாடிக்கையாளரும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய்க் கிரிஸ்லிக் கரடியும் அதன் வளர்ந்த குட்டியும் வந்தன. தாய் நேராக வழிகாட்டி மேல் பாய்ந்தது. கைத்துப்பாக்கி இருந்தது, ஆனால் சில மீட்டர் தள்ளி வைத்திருந்த மூட்டை முடிச்சுகளோடு இருந்தது. வாடிக்கையாளர் ஓடி அதை எடுத்தார். வழிகாட்டி மேல் பட்டுவிடாமல் சுட அவரால் முடியவில்லை. துப்பாக்கியை வழிகாட்டியை நோக்கி எறிந்தார், அது அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. வழிகாட்டி இறந்துபோனார். அந்தத் துப்பாக்கி என்ன காலிபர் என்பதால் அங்கே எதுவும் மாறவில்லை. அது எங்கே இருந்தது என்பதால்தான் எல்லாம் மாறியது. உங்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி நேரக் கணக்கு. கிரிஸ்லி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நொடிக்கு 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்லோப் புதர்களுக்கு நடுவே 30 மீட்டரில் அது கிளம்பினால் உங்களிடம் இருப்பது 2 நொடி. அதற்குள் அது கரடி என்று மனம் ஒப்புக்கொள்ள வேண்டும், கை துப்பாக்கியைத் தேட வேண்டும், உறையிலிருந்து உருவ வேண்டும், விசையை இழுக்க வேண்டும். முதல் குண்டு கிளம்பும். இரண்டாவது கிளம்பலாம். மூன்றாவதைப் பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டே குண்டு என்று வைத்துக்கொண்டு யோசித்தால், எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியே வேறு முகம் காட்டும்.

.44 மேக்னம் பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். ஐடஹோவில் பண்ணை வைத்திருந்த எல்மர் கீத் வேட்டைக்காரர், எழுத்தாளர். பழைய .44 ஸ்பெஷல் தோட்டாவில் கெட்டியான குண்டும் கூடுதல் மருந்தும் போட்டு ஆண்டுக்கணக்கில் சுட்டுப் பார்த்தவர். இதற்கென்று ஒரு தோட்டா வேண்டும் என்று கம்பெனிகளை விடாமல் வற்புறுத்தினார். ரெமிங்டன் தோட்டாவையும் ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரையும் 1955 முடிவில் கொண்டுவந்தன. 1971-ல் வந்த டர்ட்டி ஹாரி படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் பார்த்த பிறகு உலகத்துக்கே அது தெரிந்துவிட்டது. அதைத் தாண்டிப் பெரியவை பிறகு ஒவ்வொன்றாக வந்தன: 1950-களிலேயே உருவாகி 1980-களில் கடைக்கு வந்த .454 கசுல், 2001-ல் .480 ரூகர், 2003-ல் .500, 2005-ல் .460. ஒவ்வொன்றும் முந்தையதைக் குழந்தையாக்கிவிட்டது என்று விளம்பரம். அவற்றை வாங்கியவர்களின் மணிக்கட்டு மட்டும் அதே மணிக்கட்டுதான்.

ஒன்றை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். எந்தக் கைத்துப்பாக்கியும் கரடியைத் தூக்கி எறியாது. 4 அங்குலக் குழலிலிருந்து புறப்படும் .44 மேக்னம் குண்டின் ஆற்றல், உங்கள் .30-06 ரைபிள் குண்டின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ரிவால்வர் செய்வதெல்லாம் ஆழமான ஒரு துளை போடுவதுதான். அந்தத் துளை மூளையிலோ முதுகுத் தண்டிலோ விழுந்தால் கரடி அந்த இடத்திலேயே சரியும். இதயத்தில் விழுந்தால் செத்துப்போகும், ஆனால் அதற்கு முன் பல நொடி உங்கள் மேல் இருக்கும். தோள் எலும்பை உடைத்தால் ஓட்டம் குலையும். விலாவுக்குப் பின்னால் விழுந்தால் .500 ஆனாலும் .357 ஆனாலும் அந்த நேரத்துக்குப் பயன் இல்லை. ஒன்பது மில்லிமீட்டர் துளைக்கும் பன்னிரண்டரை மில்லிமீட்டர் துளைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சின்னது. சரியான இடத்துத் துளைக்கும் தவறான இடத்துத் துளைக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் உயிர்.

இப்போது .500-ஐ எடுத்துக்கொள்வோம். 4 அங்குல ரகம் தோட்டா இல்லாமலே 1.6 கிலோ. உருளையில் 5 தோட்டாதான். முழு வலுவுள்ள தோட்டாவைச் சுட்டால் கைகள் நெற்றிக்கு மேலே போய் நிற்கும். இறக்கி, மறுபடி குறி பிடிக்க, பழகியவருக்கே ஒரு நொடிக்கு மேல் ஆகும். பழகாதவர் அடுத்த முறை விசையைத் தொடும் முன்பே கண்ணை மூடுவார், கையைக் கீழே அழுத்துவார், குண்டு மண்ணில் போகும். உதைப்பைக் கண்டு பயந்த கை, கரடியைக் கண்டு பயப்படுகிற நேரத்தில் தைரியமாகிவிடாது. அதைவிடப் பெரிய சிக்கல் எடை. மூன்றாம் நாள் தோள் வலிக்கத் தொடங்கியதும் இந்தத் துப்பாக்கி கூடாரத்தில் தங்கிவிடும். டீட்டனில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். .500-ஐ ஆண்டு முழுக்கச் சுட்டு, அதைத் தன் கையின் நீட்சியாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இந்த மடல் அவர்களுக்கானது அல்ல.

எடைக்குப் பயந்து எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் உங்களில் உண்டு. ஸ்காண்டியம் கலந்த உலோகச் சட்டமும் டைட்டானியம் உருளையும் கொண்ட .44 மேக்னம் ஒன்று கிடைக்கிறது. எடை 700 கிராம் சொச்சம்தான். நாள் முழுக்கக் கட்டியிருந்தாலும் தெரியாது, சுட்டால் உள்ளங்கை கிழிகிற மாதிரி இருக்கும். வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே வைத்துக்கொள்வோம். பொறுக்க முடியாத ஒன்று வேறு இருக்கிறது, அதைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒவ்வொரு வெடியிலும் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது, உருளைக்குள் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் பித்தளைக் கூடும் பின்னால் இழுபடுகிறது. கூட்டின் வாயில் செருகியிருக்கும் ஈயக்குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. ஆக, ஒவ்வொரு வெடிக்கும் குண்டு கூட்டைவிட்டு மயிரிழை மயிரிழையாக வெளியே வருகிறது. துப்பாக்கி இலேசாக இருக்க இருக்க, குண்டு கனமாக இருக்க இருக்க இது மோசமாகும். போதுமான அளவு வெளியே வந்துவிட்டால் குண்டின் மூக்கு உருளையின் முன்விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு சட்டத்தில் இடிக்கும். உருளை சுற்றாது. விசை இழுபடாது. கையில் இருப்பது இரும்புக்கட்டி.

இதை ரேஞ்சில் நீங்களே பார்த்துவிடலாம். காட்டுக்கு எடுத்துப் போகப்போகும் அதே தோட்டாவை 6 போடுங்கள். 5 சுடுங்கள். ஆறாவதைச் சுடாமல் வெளியே எடுத்து, பெட்டியிலிருந்து ஒரு புதுத் தோட்டாவைப் பக்கத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள். நீளம் ஏறியிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. வேறு கம்பெனித் தோட்டா பாருங்கள், இல்லையென்றால் வேறு துப்பாக்கி பாருங்கள்.

என்னைக் கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது துருப்பிடிக்காத எஃகில் செய்த, 4 அங்குலக் குழலுள்ள, 6 தோட்டா கொள்ளும் .44 மேக்னம். ஸ்மித் அண்ட் வெஸன் 629 இருக்கிறது, 1.2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ரூகர் ரெட்ஹாக் அதைவிடக் கொஞ்சம் கனம், அடித்துச் செய்த மாதிரி உறுதி. அந்தக் கனம் உதைப்பை விழுங்கும். ரூகரின் சூப்பர் ரெட்ஹாக் அலாஸ்கனுக்குக் குழல் இரண்டரை அங்குலம்தான், பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைந்துவிடுவதால் புதியவர் கையில் குறி அலையும். 4 அங்குலத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முன்குறி ஆரஞ்சோ சிவப்போ நிறமாக இருக்கட்டும், அந்தி நேரத்தில் கறுப்புக் குறி கரடியின் முடியில் கரைந்துவிடும். பிடி ரப்பராக இருக்கட்டும், மழையிலும் ரத்தத்திலும் மரப்பிடி வழுக்கும்.

விசையை இழுத்தாலே, தோட்டாவைத் தட்டும் குதிரை தானாக ஏறி இறங்குகிற ரகம்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் குதிரையை ஏற்ற வேண்டிய பழைய கௌபாய் ரகம் அழகானது, மலிவு, உறுதியும்கூட. அந்த ரகத்தைச் சேர்ந்த சூப்பர் பிளாக்ஹாக்கை ஆசையோடு வைத்திருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். மல்லாந்து கிடக்கும்போது, ஒரு கை கரடியின் வாயில் இருக்கும்போது, மறுகையின் கட்டைவிரல் குதிரையைத் தேட வேண்டிய நிலை உங்களுக்கு வரவே கூடாது என்பதால் சொல்கிறேன்.

கை சின்னதாக இருப்பவர்கள், மணிக்கட்டில் பழைய அடி உள்ளவர்கள், .44 உதைப்பைத் தாங்க முடியாதவர்கள் வெட்கப்படாமல் .357 மேக்னத்துக்கு இறங்குங்கள். கனமான கெட்டிக் குண்டு போட்டால் கருங்கரடிக்குத் தாராளம். கிரிஸ்லிக்கு அதுவே எல்லைக்கோடு. ஆனாலும் குறியில் விழும் .357, வானத்தில் போகும் .454-ஐவிட மேல்.

தோட்டா விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நகரத்தில் தற்காப்புக்கு விற்கும் குழிமுனைக் குண்டு, உடம்புக்குள் போனதும் பூ மாதிரி விரிந்து சீக்கிரம் நின்றுவிடும். மனிதனுக்காகச் செய்தது அது. குளிர்காலத்துக்குக் கொழுப்பு ஏற்றிக்கொண்ட கரடியின் தோல், கொழுப்பு, தடித்த தசை, எலும்பு எல்லாவற்றையும் கடந்து உள்ளே போக வேண்டுமானால் விரியாத, உடையாத, தட்டையான அகல மூக்குள்ள கெட்டி ஈயக்குண்டு வேண்டும். .44-ல் 240 கிரெயினிலிருந்து 300 கிரெயின் வரை கிடைக்கும். உதைப்பு ஒத்துவருமானால் கனமானது நல்லது. 2016-ல் அலாஸ்கா தீபகற்பத்தில் அனுபவசாலியான ஒரு வழிகாட்டி, மீன்பிடிக்க வந்தவர்களை அழைத்துப் போனபோது, பாய்ந்து வந்த பழுப்புக் கரடியை 9 மில்லிமீட்டர் பிஸ்டலால் வீழ்த்தினார். அதில் இருந்தது கெட்டி ஈயக்குண்டு. 9 மில்லிமீட்டர் போதும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கக் கரடிகளோடு இருந்த மனிதரின் கை அது. குண்டு உள்ளே எவ்வளவு ஆழம் போகிறது, எங்கே போகிறது என்பதே தீர்மானிக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ரிவால்வர்தானா, 10 மில்லிமீட்டர் தானியங்கி பிஸ்டல் ஆகாதா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஆகும். கிளாக் 20-ல் 15 தோட்டா, உதைப்பு .44-ஐவிடக் குறைவு. கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டேனிஷ் சிரியஸ் படையினர் வெண்கரடிக்காக அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஏற்கனவே கிளாக்கில் நன்றாகச் சுடுகிறவர் புதிதாக ரிவால்வர் பழக வேண்டியதில்லை. ரிவால்வரின் பக்கம் ஒரு முக்கியமான நியாயம் உண்டு. கரடி உங்கள் மேல் கிடக்கும்போது குழலை அதன் உடம்பில் அழுத்திச் சுட நேர்ந்தால், பிஸ்டலின் மேல்பாகம் பின்னால் தள்ளப்பட்டு வெடிக்காமல் போகலாம். முதல் குண்டு வெடித்தாலும் முடியோ சதையோ சிக்கி அடுத்தது ஏறாமல் போகலாம். ரிவால்வருக்கு அந்தக் கவலை இல்லை. உருளை சுற்ற இடம் இருந்தால் போதும்.

உறை, துப்பாக்கியின் அளவுக்கு முக்கியம். இடுப்பில் கட்டினால் முதுகுப்பையின் இடுப்புப் பட்டை மறைத்துவிடும். முதுகுப்பைக்குள் போட்டால் இல்லாததற்குச் சமம். மார்பில் குறுக்காகக் கட்டும் உறைதான் வேட்டைக்கு. அலாஸ்காவில் வழிகாட்டிகள் பலர் இப்படித்தான் கட்டுகிறார்கள். மழைக்கோட்டுக்கு மேலே வரும்படி கட்டுங்கள். பையின் மார்புப்பட்டை உறையின் வாயை மறைக்கிறதா என்று, முழுச் சுமையோடு வீட்டிலேயே பாருங்கள். மறைத்தால் பட்டையை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். எல்க்கை அறுக்கும்போது உறை இடைஞ்சலாக இருக்கும், ரத்தம் படும், கழற்றி வைக்கலாம் என்று தோன்றும். கழற்றாதீர்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் அறுக்கட்டும், மற்றவர் நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்கட்டும். வேலை இரண்டு மடங்கு நேரம் இழுத்தால் இழுக்கட்டும்.

பயிற்சிக்கு மேக்னத்தில் தொடங்க வேண்டாம். .44 மேக்னம் ரிவால்வரில் .44 ஸ்பெஷல் தோட்டாவும் போகும், மென்மையாகச் சுடும். அதில் கை பழகட்டும். வீட்டில் டம்மித் தோட்டா போட்டு விசையை இழுத்துப் பழகுங்கள், விசை கனமாகத்தான் இருக்கும், விரலுக்கு வலு வர வாரங்கள் ஆகும். மேக்னத்துக்குப் போன பிறகு ஒரு நாளைக்கு நிறையச் சுட வேண்டாம், களைத்த கை கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் மூடி, இரண்டும் போடுங்கள். மற்றக் கையின் விரல் எதுவும் உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்குக்கு அருகில் போகக் கூடாது, அந்த இடுக்கிலிருந்து பக்கவாட்டில் வரும் நெருப்பு விரலைக் கிழிக்கும். ஏழு மீட்டரில் ஒரு காகிதச் சாப்பாட்டுத் தட்டை ஒட்டுங்கள். மார்புறையிலிருந்து உருவி 2 நொடிக்குள் ஒன்று, மூன்றாவது நொடிக்குள் இன்னொன்று, இரண்டும் தட்டுக்குள். நின்றபடி வந்ததும் மண்டியிட்டபடி, பிறகு ஒற்றைக் கையில், பிறகு இடக்கையில். எந்தக் காலிபரில் இது உங்களுக்குக் கைவரவில்லையோ, அந்தக் காலிபர் உங்களுக்கு இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதையும் கேளுங்கள்: ரிவால்வர் இரண்டாவது ஆயுதம். முதலாவது மிளகாய்க் காரம் அடைத்த கரடி ஸ்பிரே. டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் சகாக்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் ஸ்பிரே பயன்பட்ட 83 சம்பவங்களை எடுத்துப் பார்த்தது. பழுப்புக் கரடிகளிடம் 92 விழுக்காடு வேலை செய்திருக்கிறது. நெருக்கத்தில் ஸ்பிரேயோடு கரடியைச் சந்தித்தவர்களில் 98 விழுக்காட்டினருக்குக் காயமே இல்லை. அவர்களே 2012-ல் துப்பாக்கி பயன்பட்ட 269 சம்பவங்களை ஆராய்ந்தார்கள். கைத்துப்பாக்கி 84 விழுக்காடு, நீளத் துப்பாக்கி 76 விழுக்காடு. துப்பாக்கியைச் சுட்டவருக்கும், கையில் இருந்தும் சுடாதவருக்கும் காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் கண்டார்கள். இரண்டு ஆய்வும் ஒரே மாதிரியான சம்பவங்களை அளக்கவில்லை, ஆகவே எண்களை நேருக்கு நேர் நிறுத்தித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்பிரேக்குத் துல்லியமான குறி தேவையில்லை, பாயும் கரடிக்கு முன்னால் ஒரு மேகத்தை எழுப்பினால் போதும். நண்பர் மேல் பட்டாலும் அவர் பிழைப்பார். பாய்வது போல வந்து பாதியில் நின்று திரும்பிப்போகும் கரடிகள் ஏராளம், ஸ்பிரே அடித்தால் அதுவும் உயிரோடு குட்டியிடம் போகும். எதிர்காற்றிலும் கூடாரத்துக்குள்ளும் ஸ்பிரே சிரமம் தரும், ரிவால்வருக்கான இடம் அங்கே. ஸ்பிரேயை இடுப்புப் பட்டையில் மாட்டுங்கள், ரிவால்வரை மார்பில்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. அமெரிக்காவில் முறையாகப் பெற்ற, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் முடிந்த மறுநாள் அந்த விலக்கும் முடிந்துவிடும், ஆகவே தேதியைக் கவனியுங்கள், ஒரு வக்கீலையும் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆங்கரேஜில் இறங்கி அங்கேயே ரிவால்வர் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், கைத்துப்பாக்கியை நீங்கள் வசிக்கும் மாநிலத்தில்தான் வாங்க முடியும். நியூ ஜெர்சிக்காரர்கள் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இப்போதே தொடங்குங்கள். காரில் அலாஸ்கா போகும் திட்டம் உள்ளவர்களே, வழியில் கனடா இருக்கிறது. ரைபிளை அறிவித்து எடுத்துப்போகலாம், ரிவால்வரைத் தற்காப்புக்கென்று கொண்டுபோக விடமாட்டார்கள். விமானத்தில் தோட்டா இறக்கிய துப்பாக்கியைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுண்டரில் சொல்லி, சரக்கில் போடலாம். ஸ்பிரேக்குக் கைப்பையிலும் சரக்கிலும் அனுமதி இல்லை, போய் இறங்கிய ஊரில் வாங்குங்கள்.

அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 மாநிலங்களில் கிரிஸ்லி 1975-ல் அச்சுறுத்தலுக்குள்ளான உயிராகச் சட்டப் பாதுகாப்புக்குள் வந்தது, இப்போதும் அந்தப் பாதுகாப்பில் இருக்கிறது. உயிரைக் காக்கச் சுடலாம், உடனே அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும், இடத்தைக் கலைக்கக் கூடாது. அலாஸ்காவில் தற்காப்பில் கொன்ற கரடியின் தோலை நகத்தோடும், மண்டையோட்டையும் எடுத்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும், எழுத்தில் அறிக்கையும் தர வேண்டும். சாப்பாட்டை வெளியே போட்டு நீங்களே கரடியை வரவழைத்திருந்தால் அது தற்காப்பாகாது. காயத்தோடு தப்பிய கரடியைப் பற்றி மறைக்காதீர்கள், அடுத்து அந்தப் புதருக்குள் போகிறவர் யாரோ ஒருவருடைய பிள்ளை.

முகாமில் முதல் இரவே எல்லாரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டிய ஒன்று இருக்கிறது. 2011 செப்டம்பரில் மொன்டானா-ஐடஹோ எல்லையில், காயம்பட்ட கிரிஸ்லி ஒன்று வேட்டைக்காரர் ஒருவர் மேல் பாய்ந்தது. கூட வந்த நண்பர் அவரைக் காப்பாற்றச் சுட்டார். இறந்தவர் கரடியால் சாகவில்லை, நண்பரின் குண்டு பட்டுத்தான் இறந்தார் என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. ஆகவே கரடி ஒருவர் மேல் விழுந்தால் மற்றவர்கள் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். முதலில் ஸ்பிரே. சுட்டே ஆக வேண்டுமென்றால் தூரத்தில் நின்று சுடக் கூடாது. பக்கவாட்டில் நெருங்கிப் போய், குண்டு போகும் வழியில் நண்பரின் உடம்பு இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு சுடுங்கள். யார் ஸ்பிரேயை எடுப்பது, யார் துப்பாக்கியை எடுப்பது என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் ரேஞ்சில் .357, .44, .500 மூன்றையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள், பல ஊர்களில் கிடைக்கும். எந்தத் துப்பாக்கியில் இரண்டு குண்டும் தட்டுக்குள் விழுந்தன, எத்தனை நொடியில் விழுந்தன என்று எனக்கு எழுதுங்கள். மார்பளவையும், எந்த முதுகுப்பை என்பதையும் சேர்த்து எழுதினால், பட்டையோடு மோதாத உறை எது என்று பார்த்துச் சொல்கிறேன். ஆகஸ்டுக்குள் எழுதுங்கள், நல்ல உறைகளைச் சொல்லிச் செய்துவாங்க நாள் பிடிக்கும்.

அன்புடன்,
போஸ்மனிலிருந்து உங்கள் நண்பன்